சீட்டு ஒன்று, சரக்கு ஒன்று



மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "நாட்டுப்பற்று, நட்பு, தன்னம்பிக்கை, இதில் ஏதாவது எழுதேன்" என்றார்கள். அவற்றைப் பற்றி எழுத நம்மிடையே ஆள் இருக்கிறது. நான் ரப்பர் ஷீட்டைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காமல் படியுங்கள். நாளைக்கு நீங்கள் கையெழுத்துப் போடப் போகிற விஷயம் இது.

இன்-பிளான்ட் டிரெயினிங்குக்காக ஒரு மாதம் ஒரு ஏ.சி. கான்ட்ராக்டரிடம் போயிருந்தேன். ஐந்து மாடிக் கட்டடம், சென்ட்ரல் ஏ.சி. சில்லரிலிருந்து 7 டிகிரி குளிர்நீர் பைப் வழியாக மாடி மாடியாகப் போகும். அந்தப் பைப்பைச் சுற்றி, டக்டைச் சுற்றி, கறுப்பு நிறத்தில் மெத்தென்று ஒட்டியிருக்குமே, நைட்ரைல் ரப்பர் ஃபோம், அது ஒருநாள் லாரியில் வந்து இறங்கியது. வெளிநாட்டுச் சரக்கு. பெட்டி பெட்டியாக, ரோல் ரோலாக.

"தம்பி, சும்மாதானே நிக்கிற, எண்ணி இறக்கு" என்றார் ஸ்டோர் கீப்பர் அண்ணன். எண்ணினேன். எண்ணும்போது ஒரு பெட்டியில் லேபிள் ஓரம் பெயர்ந்திருந்தது. கை சும்மா இருக்குமா? உரித்தேன். அடியில் இன்னொரு லேபிள்! மேலே ஒரு கம்பெனி பெயர், கீழே வேறொரு கம்பெனி பெயர். மேலே ஒரு நாடு, கீழே ஒரு நாடு.

"அண்ணே, இதப் பாருங்க" என்றேன். "எதுக்குப்பா உரிக்கிற, பெட்டியா ஒட்டப் போறோம்?" என்றார். நியாயமான கேள்விதான். பெட்டியை விட்டுவிட்டு ஷீட்டைப் பார்த்தேன். ஆர்டரில் 25 மி.மீ. கனம். ஃபோமை வெர்னியரில் பிடித்தால் தாடை உள்ளே அமுங்கி அளவு தப்பாகும், அது முதல் நாளே பட்ட பாடம். ஷீட்டைத் தட்டையாகப் போட்டு மேலே ஒரு கண்ணாடித் துண்டை லேசாக வைத்து ஓரத்தில் அளந்தேன். 21.5. இன்னொரு இடத்தில் 22. ஒரு இடத்தில் 21. எங்கேயும் 25 வரவில்லை.

கேன்டீன் தராசை இரவல் வாங்கி, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளந்து வெட்டிய ஷீட்டை நிறுத்தேன். 1.6 கிலோ. மனக்கணக்கே போதும்: கன அளவு 0.0215 கன மீட்டர், அடர்த்தி 74 கிலோவுக்கு மேல். கம்பெனிப் புத்தகத்தில் 40 முதல் 60 வரை என்று போட்டிருந்தது.

சூப்பர்வைசரிடம் போனேன். நல்ல மனிதர், எனக்கு மூன்று வாரமாக டீ வாங்கிக் கொடுத்தவர், அதையும் சொல்லிவிட வேண்டும். "ஏம்ப்பா, வெயிட் கூட இருந்தா நல்லதுதானே? நாம குடுத்த காசுக்கு மேலயே குடுத்திருக்கான்" என்று சிரித்தார். பிறகு மேஜையிலிருந்து ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்துப் போட்டார். கலர் பிரிண்ட், பதினாலு பக்கம், பக்கத்துக்குப் பக்கம் முத்திரை. "இதுக்கு மேல உன் ஸ்டீல் ஸ்கேல் பேசுமா?"

ஸ்டீல் ஸ்கேல் பேசவில்லை. நானும் பேசவில்லை. வரவுப் பதிவேட்டில் "25 மி.மீ., பார்த்தது, சரி" என்று எழுதி, என் இனிஷியலையும் போட்டேன். எழுதியது என் கை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

முதலில் அந்த "வெயிட் கூட" விஷயத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நம்மில் பலரும் அப்படித்தான் நினைப்போம். இரும்பு வாங்கும்போது எடை கூடினால் லாபம். ஃபோம் அப்படியல்ல. ஃபோமில் வேலை செய்வது ரப்பரோ பிளாஸ்டிக்கோ அல்ல, அதற்குள் சின்னச் சின்ன அறைகளில் அடைபட்டுக் கிடக்கிற காற்றும் வாயுவும்தான். நாம் காசு கொடுப்பதே அந்த ஒன்றுமில்லாமைக்கு! ரப்பர் விலை அதிகம். அதைக் குறைத்துச் சுண்ணாம்புத்தூள் போன்ற நிரப்பிகளைக் கூட்டினால் தயாரிப்புச் செலவு இறங்கும், எடை ஏறும், வெப்பம் கடத்துவதும் ஏறும். வளைத்தால் வெடிக்கும். எடை குறைந்தாலும் சந்தேகப்பட வேண்டும், கூடினாலும் சந்தேகப்பட வேண்டும்.

சரி, 25-க்கு 21 இருந்தால் என்ன மோசம்? குடிமுழுகிப் போகுமா? நம் ஊர்க் காற்றை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் 35 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றின் பனிநிலை கிட்டத்தட்ட 30 டிகிரி. அதாவது இன்சுலேஷனின் வெளிப்பக்கம் 30-க்குக் கீழே போனால் வியர்க்கும். உள்ளே 7 டிகிரி. வெளிப்பரப்பின் வெப்ப மாற்றக் கெழு 8 என்றும், நல்ல நைட்ரைல் ஷீட்டின் வெப்பக் கடத்துத்திறன் 0.035 என்றும் எடுத்துக்கொண்டால், தட்டைப் பரப்புக்குத் தேவையான கனம் சுமார் 20 மி.மீ. வருகிறது. 25 போட்டால் கொஞ்சம் கை இருப்பு. மட்டமான ஷீட்டில் கடத்துத்திறன் 0.040 என்றால் தேவைப்படும் கனம் 23. கையில் இருப்பதோ 21. முடிந்தது கதை. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே யாருக்கும் தெரியாமல் சொட்டும். பலகை ஊறும், கறை படியும், பூஞ்சை பிடிக்கும், பைப் துருப்பிடிக்கும். ஒரு மழைக்காலம் கழித்து "ஏ.சி.காரன் வேலை சரியில்லை" என்பார்கள். சரக்கு சரியில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கோல்ட் ஸ்டோரேஜில் இதே தப்பு வேறு மாதிரிக் கடிக்கும். 200 சதுர மீட்டர் சுவரும் கூரையும், 100 மி.மீ. பாலியூரித்தேன் பேனல், உள்ளே மைனஸ் 20, வெளியே 35. கடத்துத்திறன் 0.023 என்றால் உள்ளே நுழையும் வெப்பம் 2,530 வாட். அதே பேனல் 0.030 என்றால் 3,300 வாட். வித்தியாசம் 770 வாட்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் அது ராத்திரி பகல் ஓய்வில்லாமல் வருகிற 770 வாட். பிளான்ட்டின் சி.ஓ.பி. 2 என்றால் நாளைக்கு ஒன்பது யூனிட்டுக்கு மேல் கரன்ட், வருடத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம் யூனிட். பேனல் இருபது வருடம் சுவரில் இருக்கும். மலிவாக வாங்கியவர் எவ்வளவு மிச்சம் பிடித்தார் என்பதை அப்புறம் கேளுங்கள்.

இங்கே ஒரு சூட்சுமம். புதிதாக வார்த்த பாலியூரித்தேன் ஃபோமில் நல்ல வாயு அடைபட்டிருக்கும், அதனால் கடத்துத்திறன் அழகாகக் குறைவாக இருக்கும். மாதங்கள் போகப்போக அந்த வாயு மெல்ல வெளியேறி வெளிக்காற்று உள்ளே வரும், எண் ஏறும். ஆகவே கம்பெனிப் புத்தகத்தில் இருக்கும் எண் பிறந்த அன்று எடுத்ததா, பழசான பிறகு எடுத்ததா என்று கேட்க வேண்டும். பொய் சொல்லாமலே ஏமாற்ற இது ஒரு நல்ல வழி.

இது நம் ஊர் ஸ்டோர் ரூம் தகராறு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பு எரிந்து 72 பேர் செத்தார்கள். தீ வெளிச்சுவர் வழியாக ஏறியதற்கு முதல் காரணம் நடுவில் பாலிஎத்திலீன் வைத்த அலுமினியப் பேனல். அதற்குப் பின்னால் இருந்த இன்சுலேஷன் ஃபோமும் சேர்ந்து எரிந்தது. விசாரணை பல வருடம் நடந்து, கடைசி அறிக்கை 2024 செப்டம்பரில் வந்தது. அதில் ஃபோமைப் பற்றி வெளிவந்த சங்கதிகளைப் படித்தபோது எனக்குப் பதினாலு பக்க ரிப்போர்ட்தான் ஞாபகம் வந்தது.

அந்தக் கட்டடத்தில் பெருமளவு போட்டது செலோடெக்ஸ் கம்பெனியின் ஆர்.எஸ். 5000 என்ற ஃபோம். அது புதுச் சரக்கே அல்ல. எஃப்.ஆர். 5000 என்று ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்ததற்குப் புதுப் பெயர். 2014-ல் பெரிய அளவுத் தீச் சோதனை வைத்தார்கள், முதல் தடவை தேறவில்லை. இரண்டாம் தடவை, உஷ்ணமானிகள் இருந்த இடங்களில் மெக்னீசியம் ஆக்ஸைடு பலகையைச் சேர்த்து வைத்தார்கள், தேறியது. விற்பனைப் புத்தகத்தில் அந்தப் பலகையைப் பற்றி மூச்சு விடவில்லை. அதே கட்டடத்தில் கொஞ்சம் போட்டிருந்த இன்னொரு ஃபோம் கிங்ஸ்பான் கம்பெனியின் கே 15. அதற்கு 2005-ல் ஒரு தீச் சோதனை. 2006-ல் தயாரிப்பு முறையை மாற்றினார்கள். மாற்றிய சரக்கை, மாற்றாத சரக்கின் ரிப்போர்ட்டைக் காட்டியே 2020 வரை விற்றார்கள்.

கவனியுங்கள், இதில் கள்ள முத்திரை இல்லை. போலி லேப் இல்லை. ரிப்போர்ட் நிஜம், சோதனை நிஜம், கம்பெனி நிஜம். ரிப்போர்ட்டில் இருந்த பொருளும் சுவரில் ஒட்டிய பொருளும் ஒன்றல்ல, அவ்வளவுதான். சீட்டு ஒன்று, சரக்கு ஒன்று. இறக்குமதிச் சரக்கில் இந்த இடைவெளி கடல் அளவுக்கு அகலமாகிறது. நடுவில் ஏஜென்டு, துறைமுகம், கிடங்கு, இன்னொரு ஏஜென்டு, இன்னொரு லேபிள்.

இந்த வித்தை புதிதுமல்ல. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிளாஸ்டிக் ஃபோம்களைத் "தானே அணைந்துவிடும்", "எரியாது" என்றெல்லாம் விளம்பரம் செய்து விற்றார்கள். ஆதாரம் என்ன? ஒரு சிறு துண்டை மேஜைமேல் வைத்துச் சின்னச் சுடரில் காட்டுகிற சோதனை. மேஜைமேல் அணைந்தது, சுவரில் அணையவில்லை. 1973-ல் அந்த நாட்டின் மத்திய வர்த்தக ஆணையமே பிளாஸ்டிக் தொழில் சங்கத்தின்மீதும் கம்பெனிகள்மீதும் நடவடிக்கை எடுத்தது. இன்றைக்கும் நம் சைட்டில் ஏஜென்டு லைட்டரை எடுத்து ஷீட் ஓரத்தில் காட்டி "பாருங்க சார், அணைஞ்சிடுச்சு" என்கிறார். ஐம்பது வருடத்துக்கு முன்னாலேயே செல்லாது என்று முடிவான சாட்சி அது.

தென்கொரியாவில் இச்சியோன் என்ற ஊர். 2008 ஜனவரியில் வேலை முடியப்போகிற ஒரு குளிர்பதனக் கிடங்கில் தீப்பிடித்து 40 பேர் இறந்தார்கள். பாலியூரித்தேன் ஃபோம் வேலை நடந்த கட்டடம். அதே ஊரில் 2020 ஏப்ரலில் இன்னொரு கிடங்கு, கட்டிக்கொண்டிருக்கும்போதே, 38 பேர். இறந்தவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல வேலைக்கு வந்தவர்கள்தான். ஃபோம் எரிவதைவிட அதன் புகை முதலில் கொல்லும். பாலியூரித்தேன் புகையில் ஹைட்ரஜன் சயனைடு உண்டு.

இனி, "எங்கே செய்தது" என்ற கேள்விக்கு வருகிறேன். இதைச் சொன்னவுடன் சிலர் சுதேசி பேச வந்துவிடுவார்கள். நான் அதைச் சொல்லவில்லை. கிரென்ஃபெல்லில் போட்ட செலோடெக்ஸ் ஃபோம் இங்கிலாந்திலேயே செய்தது! நம் ஊரிலும் கிலோக் கணக்கில் குப்பை செய்கிறார்கள். வெளிநாட்டுச் சரக்கில் உலகத்தரமும் உண்டு, உதவாக்கரையும் உண்டு. பிறகு ஏன் ஊர் பேர் விசாரிக்க வேண்டும்? பெண் பார்க்கப் போகிறோமா என்ன? பிழை வந்தால் யாரைக் கேட்பது என்பதற்காக. எந்த ஆலை, எந்த நாள், எந்த பேட்ச் என்று தெரியாத ஷீட்டுக்கு எந்த ரிப்போர்ட்டும் பொருந்தாது. ஊர் தெரியவில்லை என்றால் தரமும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

இதில் காற்றே சாட்சி சொன்ன கதை ஒன்று உண்டு. ஃபோமை உப்பவைக்க ஒரு காலத்தில் சி.எஃப்.சி. 11 என்ற வாயுவைப் பயன்படுத்தினார்கள். ஓசோன் படலத்தை அது தின்கிறது என்று மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி 2010-க்குள் உலகம் முழுக்க உற்பத்தியை நிறுத்தினார்கள். நின்றிருந்தால் காற்றில் அதன் அளவு ஒரே சீராகக் குறைந்துகொண்டு வர வேண்டும். 2018-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கணக்குப் பார்த்தால் குறைகிற வேகம் மந்தமாகியிருந்தது. 2012-க்குப் பிறகு யாரோ புதிதாக அதைச் செய்கிறார்கள் என்று அர்த்தம். அதே வருடம் ஒரு சுற்றுச்சூழல் புலனாய்வு அமைப்பு விசாரித்தபோது, சீனாவில் பத்து மாகாணங்களில் பதினெட்டுக் கம்பெனிகள் ஃபோம் செய்ய அந்த வாயுவைப் பயன்படுத்துவதாக ஒப்புக்கொண்டன. 2019-ல் தென்கொரியாவின் ஜெஜு தீவிலும் ஜப்பானின் ஹதேருமா தீவிலும் உள்ள நிலையங்களின் அளவுகளை வைத்து, கூடுதல் வாயுவில் பெரும் பங்கு கிழக்குச் சீனத்தின் ஷான்டோங், ஹெபெய் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். பிறகு நடவடிக்கை எடுத்தார்கள், 2019-லேயே அளவு மளமளவென்று இறங்கிவிட்டது. ஆனால் அந்த வருடங்களில் வார்த்த ஃபோம் இன்னும் சுவர்களுக்குள் இருக்கிறது, வாயுவும் அதற்குள்தான் இருக்கிறது. அந்த ஃபோம் எந்த சீட்டோடு விற்கப்பட்டிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நம் நாட்டிலும் ஃபோமுக்கான எச்.சி.எஃப்.சி. 141பி வாயு இறக்குமதிக்கு 2020 ஜனவரி 1 முதல் தடை. ஆகவே எந்த வாயுவால் உப்பியது என்பதும் வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி.

ஊர் பேர் கண்டுபிடிக்க நம் பையன்கள் செய்கிற முதல் வேலை போனில் பார்கோடைப் பார்ப்பது. "890-ல ஆரம்பிச்சா நம்ம ஊரு, 690-ன்னா சைனா!" தப்பு. அந்த மூன்று எண்கள், கம்பெனி எந்த நாட்டில் பார்கோடு எண் வாங்கியது என்பதை மட்டும் சொல்லும். பொருள் எங்கே செய்தது என்று சொல்லாது. கப்பல் ஏறிய துறைமுகமும் அப்படித்தான். பில் ஆஃப் லேடிங்கில் ஒரு துறைமுகத்தின் பெயர் இருந்தால், அங்கே ஏறியது என்று அர்த்தம், அங்கே பிறந்தது என்று அல்ல.

பார்க்க வேண்டியது சுங்கத்தில் கொடுத்த பில் ஆஃப் என்ட்ரி. அதில் தோற்ற நாடு என்று ஒரு கட்டம் உண்டு. சலுகை வரியில் வந்த சரக்கென்றால் சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜின் இருக்க வேண்டும். ஆசியான் ஒப்பந்தத்தில் ஒரு நாட்டுச் சரக்கு என்று சொல்ல அங்கே நிஜமாகவே உற்பத்தி நடந்திருக்க வேண்டும், பொதுவிதிப்படி மதிப்பில் 35 சதவீதமாவது அந்த வட்டாரத்தில் சேர்ந்திருக்க வேண்டும். வேறெங்கோ செய்ததைக் கொண்டுவந்து பெட்டி மாற்றி லேபிள் ஒட்டினால் ஊர் மாறாது. 2020 செப்டம்பர் 21 முதல் நடப்பில் உள்ள சுங்க விதிகளின்படி, சலுகை கேட்கிற இறக்குமதியாளர் அந்தச் சரக்கு எப்படி அந்த நாட்டுச் சரக்காகிறது என்ற விவரத்தைத் தன் கையில் வைத்திருக்க வேண்டும், ஐந்து வருடம் பாதுகாக்கவும் வேண்டும். "அதெல்லாம் எங்ககிட்ட இல்லீங்க" என்று ஏஜென்டு சொன்னால் அதுவே ஒரு பதில்.

டெஸ்ட் ரிப்போர்ட்டைப் படிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முத்திரையைப் பார்க்காதீர்கள், சோதித்த துண்டு எது என்ற பத்தியைப் பாருங்கள். கனம், அடர்த்தி, நிறம், பேட்ச் எண், துண்டை யார் கொடுத்தது, தேதி. என் சைட்டில் பார்த்த ரிப்போர்ட்டில் சோதித்த துண்டின் அடர்த்தி 50, எங்கள் ஷீட் 74. ரிப்போர்ட்டுக்கு வயது ஐந்து. பேட்ச் எண் வேறு. சரக்கின் பெயரிலேயே ஒரு எழுத்து வித்தியாசம். பதினாலு பக்கத்தையும் நிஜம் என்றே வைத்துக்கொண்டாலும் அது எங்கள் ஷீட்டைப் பற்றி ஒரு வரிகூடப் பேசவில்லை! "இந்த முறைப்படி சோதித்தது" என்பதற்கும் "சான்று பெற்றது" என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதலாவது ஒரு நாள், ஒரு துண்டு. இரண்டாவதில் சான்று கொடுத்தவர் ஆலையைத் தொடர்ந்து கண்காணிக்கிறார். எஃப்.எம்., யு.எல். போன்ற அமைப்புகள் தாங்கள் சான்று கொடுத்த சரக்குகளின் பட்டியலை இன்டர்நெட்டில் வைத்திருக்கின்றன, பெயர் பதிந்து இலவசமாகப் பார்க்கலாம். நம் நாட்டு லேப் என்றால் என்.ஏ.பி.எல். பட்டியலில் அந்த லேப் இருக்கிறதா, அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்கலாம். ரிப்போர்ட் எண்ணைச் சொல்லி லேபையே கேட்கலாம். ஆனால் ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் போன் நம்பருக்குப் பேசாதீர்கள், லேபின் முகவரியை நீங்களாகத் தேடிப் பிடியுங்கள். திருடன் கொடுத்த விலாசத்தில் திருடனைப் பற்றி விசாரிப்பது போலாகிவிடும்.

இவ்வளவும் காகித வேலை. நம் கைக்கு எட்டிய வேலை வேறு, அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு தராசு, ஒரு ஸ்கேல், ஒரு பிளேடு, ஒரு பக்கெட் தண்ணீர். கனமும் அடர்த்தியும் எப்படி என்று சொல்லிவிட்டேன். ஒரு பெட்டியில் பார்த்தால் போதாது, நாலைந்து பெட்டியிலாவது பார்க்க வேண்டும். மேலே நல்லதை வைத்து அடியில் மட்டத்தை வைப்பது தக்காளிக் கூடைக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. பிளேடால் அறுத்து வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பார்த்தால் அறைகள் சிறிதாய் ஒரே மாதிரி இருக்கின்றனவா, ஓட்டை ஓட்டையாக இருக்கின்றனவா என்று கண்ணுக்கே தெரியும். ஒரு துண்டை நிறுத்து, 24 மணி நேரம் தண்ணீருக்குள் அமுக்கி வைத்து, துடைத்து மறுபடி நிறுங்கள். மூடிய அறை உள்ள ஃபோம் அதிகம் குடிக்காது. தண்ணீர் குடிக்கிற ஃபோம் பைப்பில் ஒட்டிய பிறகு ஈரப் போர்வைதான்.

எரித்துப் பார்ப்பதை மட்டும் உங்கள் இஷ்டத்துக்குச் செய்யாதீர்கள். புகை விஷம் என்று மேலேயே சொன்னேன், செய்தாலும் அது எதையும் நிரூபிக்காது. தீக்கும் கடத்துத்திறனுக்கும் லேபுக்குத்தான் போக வேண்டும். பாலியூரித்தேன் பலகைக்கு ஐ.எஸ். 12436, தெர்மோகோலுக்கு ஐ.எஸ். 4671, கடத்துத்திறன் அளக்கிற முறைக்கு ஐ.எஸ். 3346 என்று நம் இந்தியத் தரநிர்ணயங்களே இருக்கின்றன. நைட்ரைல் ரப்பருக்கு அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். சி 534-ஐக் காட்டுவார்கள். பிளாஸ்டிக் சோதனைக்குக் கிண்டியில் சிப்பெட் இருக்கிறது, 1968-லிருந்து. அனுப்பும் துண்டை ஏஜென்டு வெட்டித் தரக்கூடாது, வந்த பெட்டியிலிருந்து நாம் வெட்ட வேண்டும். முக்கியமான விஷயம் இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

"இதெல்லாம் இன்ஜினியர் பார்க்க வேண்டிய வேலை, டிப்ளமோகாரனுக்கு எதுக்கு வம்பு?" என்று நம் ஹாஸ்டலிலேயே ஒரு நண்பன் கேட்டான். நன்றாக யோசித்துப் பாருங்கள். டிசைன் போட்டவர் அலுவலகத்தில் இருக்கிறார். கன்சல்டன்ட் மாதம் ஒருமுறை காரில் வந்து போகிறார். ஓனர் ரேட்டைப் பார்க்கிறார். பெட்டியைத் திறந்து ஷீட்டைக் கையால் தொட்டு அறுக்கிற ஆள் நாம் ஒருவர்தான். ஒட்டி, மேலே கவர் அடித்து, ஃபால்ஸ் சீலிங் மூடிய பிறகு கடவுளே வந்தாலும் பார்க்க முடியாது. பதிவேட்டில் இருப்பதும் நம் கையெழுத்துதான். நாளைக்கு விசாரணை என்று ஒன்று வந்தால் முதலில் புரட்டுவது அந்தப் பதிவேட்டைத்தான். வம்பு வேண்டாம் என்று கையெழுத்துப் போடுகிறவனிடம்தான் வம்பு வந்து சேரும்.

அவன் கேட்டதில் ஒரு உண்மையும் உண்டு. டிரெயினியாக இருக்கும்போது "இது சரியில்லை" என்று சொன்னால் "நாளையிலிருந்து வராதே" என்று சொல்ல முடியும். நான் பயந்தது அதற்குத்தான், ஒளிக்கவில்லை. ஆனால் "சரியில்லை" என்று எழுதத் தேவையே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. "அளந்தது 21.5, 22, 21. எடை 1.6 கிலோ. பெட்டி எண் இன்னது, மேல் லேபிள் இது, கீழ் லேபிள் இது" என்று அளவை மட்டும் எழுதினால் போதும். அது குற்றச்சாட்டு அல்ல, அளவு. அளவை எழுதியதற்காக யாரும் யாரையும் திட்ட முடியாது. மேலே இருப்பவர் அதைப் பார்த்து ஏற்றுக்கொள்கிறார் என்றால் அவர் கையெழுத்துப் போடட்டும். நான் எழுதியது அளவல்ல, "சரி" என்ற ஒரு சொல். அந்தச் சொல்லைத்தான் எல்லோரும் நம்மிடம் எதிர்பார்க்கிறார்கள்.

நமக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது? எண்ணெய்க்கு ஃபிளாஷ் பாயின்ட் பார்க்கிறோம், ரெட்வுட் விஸ்காமீட்டரில் சொட்டுச் சொட்டாக நேரம் எண்ணுகிறோம். ஃபோமை வைத்து ஒரு பிராக்டிகல்கூடக் கிடையாது. படித்து முடித்துப் போனால் பாதிப் பேர் ஏ.சி., கோல்ட் ஸ்டோரேஜ், பேனல் என்று அந்த வேலைக்குத்தான் போகிறோம். ஆகவே பேரவைக்கு ஒரு கோரிக்கை: அடுத்த வருடச் செயல் திட்டத்தில் இதைச் சேர்த்து, துறைத்தலைவர் சாரிடம் பேசுங்கள். புது மெஷின் எதுவும் கேட்க வேண்டாம். 0.01 கிராம் காட்டுகிற தராசு ஒன்று, பழைய டெஸ்ட் ரிப்போர்ட்டுகள் சில, சைட்டில் வீணாகிற ஃபோம் துண்டுகள். துண்டுகளைச் சீனியர் அண்ணன்களே கொண்டு வந்து கொடுப்பார்கள். ஒரு சனிக்கிழமை பிற்பகல் போதும், ரிப்போர்ட்டையும் துண்டையும் பக்கத்தில் வைத்து, இது அதுதானா என்று பார்க்க.

முதல் துண்டு என்னிடம் தயாராக இருக்கிறது. அன்றைக்கு நிறுப்பதற்காக வெட்டிய ஷீட்டில் ஒரு சாண் அகலம் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். போன மாதம் அதே ஸ்டோர் கீப்பர் அண்ணன் போன் செய்தார். இரண்டாவது மாடியில் லிஃப்ட் பக்கத்தில் சீலிங்கில் வட்டமாகக் கறையாம், பிளம்பரை வரச் சொல்லியிருக்கிறார்களாம்.